கங்காணியின் புகையிலைக் குளியல்

ஒரே ஒரு நாள் செயலமர்வுக்குப் போய் வந்தவனைவிட ஆபத்தான ஆள் யாரும் இல்லை. ஒன்றுமே தெரியாதவன் பேசாமல் இருப்பான். எல்லாம் தெரிந்தவன் யோசித்துப் பேசுவான். காலை எட்டரைக்குப் பெயர் பதிந்து, பத்து மணிக்கு ரோல்ஸும் தேநீரும் சாப்பிட்டு, மாலை நான்கு மணிக்குச் சான்றிதழோடு வெளியே வருகிறானே, அவன்தான் ஊரைத் திருத்தாமல் விடமாட்டான். நான் அந்த வகை.

பதுளையில் ஒரு பாடசாலையில் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிறேன். அந்த வருடம் எங்களை அனுப்பிய செயலமர்வு, வீட்டிலும் வெளியிலும் இருக்கும் நஞ்சுகளிடமிருந்து பிள்ளைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் காப்பது எப்படி என்பது பற்றியது. பிள்ளைகளைப் பற்றிச் சொல்லும்போது (பகல் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம்) கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். பிராணிகளின் பகுதிக்கு முழுதாக விழித்திருந்து ஏழு பக்கம் குறிப்பெடுத்தேன். ஏழு பக்கத்தையும் யார் மீதாவது பிரயோகிக்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டிசம்பர் விடுமுறையில் அந்த வாய்ப்பு வந்தது. என் அக்கா சரோஜா ஹல்துமுல்லைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். மச்சான் இறந்துவிட்டார். ஒரே மகள் கவிதா மொனராகலையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள், அவளுக்குத் தலைப்பிரசவம். அக்கா பத்து நாளாவது அங்கே போய் இருக்கவேண்டும். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த வீட்டைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. கவலையெல்லாம் கங்காணியைப் பற்றித்தான்.

கங்காணி என்பது அக்காவின் நாய். செம்மண் நிறம், மடிந்துபோன ஒரு காது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டுக்களத்துக்கு அக்காவுக்கு முன்பே போய் நிற்பான். பெண்கள் மலைக்கு ஏறினால் பின்னாலேயே ஏறுவான். அவர்கள் கொழுந்து பறிக்கும்போது மேட்டில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, யார் பேசுகிறார்கள், யார் பறிக்கிறார்கள் என்று பார்ப்பான். தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் கங்காணியும் அதைத்தானே செய்வார், அதனால்தான் அந்தப் பெயர். மச்சான் போய், மகளும் போன பிறகு, அந்த வீட்டில் அக்கா பேசுவதற்கு இருந்த ஒரே ஜீவன் அவன்தான். அவனை நம்பி என்னிடம் விட்டுவிட்டுப் போனாள் என்பதை இப்போது எழுதும்போதும் எனக்குக் கை கூசுகிறது.

பஸ் ஏறும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்.

"தம்பி, அவனுக்கு ஒண்ணும் பெருசா செய்ய வேணாம். சோறு போடு, தண்ணி வையி. அட்டை கடிச்சிருந்தா சாயங்காலம் துளி உப்பு வையி, விழுந்துரும். வேற ஒண்ணும் செய்யாத."

வேறு ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கா நான் சான்றிதழ் வாங்கினேன்?

முதல் நாளே வீட்டைச் சோதனை போட்டேன். எலி மருந்து, கரப்பான் மருந்து, பின்பக்கத்து மரக்கறிப் பாத்திக்கு மச்சான் காலத்தில் வாங்கி மீந்திருந்த பூச்சிமருந்துப் போத்தல், காய்ச்சல் மாத்திரை, தலைவலித் தைலம், பினாயில் எல்லாவற்றையும் அக்காவின் தகரப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினேன். வெங்காயம் நாய்க்கு ஆகாது என்று குறிப்பில் இருந்தது; வெங்காயத்தையும் பூட்டினேன். (மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது வந்த வாடையில் எலி மருந்துக்கே மயக்கம் வந்திருக்கும்.) லயத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பிரசங்கம் செய்தேன். பாத்திக்குப் பக்கத்தில், "மருந்து அடித்த இடம். நாய்கள் நுழையக்கூடாது" என்று எழுதி நட்டேன். எந்த நாய் வாசிக்கும் என்று பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா கேட்டதை நான் காதில் வாங்கவில்லை.

வெளியே போனால் எதையாவது தின்றுவிடும் என்று கங்காணியைக் கயிற்றால் கட்டிப்போட்டேன். இரண்டு காலை பெரட்டு மணி கேட்டது. இரண்டு காலையும் அவன் போட்ட ஊளையில் லயமே எழுந்துவிட்டது. மூன்றாம் நாள் பெண்கள் கூடையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"சார், அவன அவுத்து விடுங்க. கங்காணி இல்லாம எங்களுக்கு வேல ஓட மாட்டேங்குது" என்றாள் பாக்கியம் அக்கா.

அவிழ்த்துவிட்டேன். மழைக்காலம் அது. தேயிலைக்குள் புல்லுக்குப் புல் அட்டை நின்ற நாட்கள். மறுநாள் மத்தியானம் கங்காணி திரும்பி வந்தபோது மூக்கிலிருந்து இரத்தம் சொட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. எலி மருந்து தின்றால் மூக்கில் இரத்தம் வரும் என்று ஐந்தாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தோட்டத்து மருந்துக் கொட்டகைக்கு ஓடினேன். காய்ச்சலுக்கு மருந்து வாங்க நின்றவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு, "நஞ்சு! நஞ்சு!" என்று கத்தியபடி உள்ளே நுழைந்தேன்.

அங்கிருந்த பெரியவர் நாயின் மூக்கை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அவன் முகத்தை அதற்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கொழுத்த அட்டை ஒன்று தண்ணீரைத் தேடி மூக்குக்கு வெளியே தலைநீட்டியது. விரலால் பிடித்து இழுத்துப் போட்டார்.

"சாரு பதுளையிலயா படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். "ம்" என்றார். வரிசையில் நின்றவர்கள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் கங்காணியைக் கொன்றது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கொன்றது என் ரோஷம்.

அட்டையே ஏறாமல் செய்துகாட்டுகிறேன் என்று தீர்மானித்தேன். கொழுந்தெடுக்கும் பெண்களில் சிலர் மலைக்குப் போகுமுன் புகையிலை ஊறிய தண்ணீரைக் காலில் தடவிக்கொள்வார்கள். அட்டை கிட்டே வராது. சாயங்காலம் தண்ணீர் விழும் பீலியில் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார்கள். அவர்களுக்கு இரண்டு கால், கங்காணிக்கு நான்கு கால், போதாததற்கு அவன் வயிறும் முதுகும் புல்லில் உரசுகிறது. ஆகவே (சுகாதார ஆசிரியரின் கணக்கைப் பாருங்கள்) அவனுக்கு முழுக் குளியலே வேண்டும்.

கடையில் நல்ல காரமான புகையிலையாகப் பார்த்து வாங்கினேன். முந்தின நாளே வாளியில் ஊறப்போட்டேன். வெள்ளிக்கிழமை காலை பெரட்டுக்கு முன்பு, தேன் நிறத்தில் இறங்கியிருந்த அந்தத் தண்ணீரைக் கங்காணியின் கழுத்திலிருந்து வால்வரை ஊற்றித் தேய்த்தேன். அவன் ஓடவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டு, நம்முடைய ஆள்தானே என்று நின்றான்.

கூடையோடு புறப்பட்ட பாக்கியம் அக்கா வாசலில் நின்றுவிட்டாள்.

"ஐயோ சார், அதுக்குப் போய் அதப் பூசுறீங்களே. அது நக்குமே சார்."

"நக்கினா என்னங்க? இது மருந்தில்ல. இயற்கை. இலைதானே?"

"எலதான் சார். ஆனா நாங்க அத வாயில ஒதுக்கிட்டுத் துப்புறோம். அது முழுங்குமே."

இவ்வளவு தெளிவாக இதை எந்தச் செயலமர்விலும் யாரும் சொன்னதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளுக்கு இரசாயனத்துக்கும் இயற்கைக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

கங்காணி அவள் பின்னால் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து உடம்பை நக்கத் தொடங்கினான். ஈரமான நாய் நக்காமல் என்ன செய்யும்? பார்த்துக்கொண்டே தேநீர் குடித்தேன். எனக்கும் கைகள் பிசுபிசுத்து, தலை இலேசாகச் சுற்றியது. காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று பிஸ்கட் தின்றேன்.

அரைமணி நேரத்தில் வாயிலிருந்து எச்சில் கயிறாக ஒழுகியது. வாந்தி எடுத்தான். எழுந்து நடக்கப் பார்த்து, பின்னங்கால் மடங்கி விழுந்தான். பிறகு உடம்பெல்லாம் உதறியது. நான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தது எதை? தகரப் பெட்டியை. பூட்டு பூட்டியபடி இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. அப்படியானால் இவன் எதைத் தின்றான், எவன் போட்டான் என்று லயம் முழுக்கக் கத்தினேன்.

ஆட்டோ பிடித்து டவுனுக்குப் போனேன். மழை. நனையக்கூடாது என்று அவனை அக்காவின் பழைய கம்பளியால் இறுக்கமாகச் சுற்றி மடியில் வைத்திருந்தேன். புகையிலைத் தண்ணீரும் அதற்குள்ளேயே இருந்தது. வழியில் வாந்தி எடுக்க வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று குறிப்பில் இருந்தது. அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் பெண். ஆட்டோடும் கோழியோடும் காத்திருந்தவர்கள் எங்களுக்கு வழிவிட்டார்கள். கங்காணியை மேசையில் வைத்ததும் அவர் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்தார்.

"என்னத்தைச் சாப்பிட்டது?"

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர். வீட்டுல எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கேன்." பூட்டியவற்றின் பட்டியலை வரிசையாகச் சொன்னேன். வெங்காயத்தையும் விடவில்லை. செயலமர்வு பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம்.

அவர் கம்பளியை விலக்கினார். அப்படியே நின்றார்.

"உது என்ன மணம்?"

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"புகையிலையே? நாய்க்குப் புகையிலைத் தண்ணி வார்த்தனீங்களோ?"

"அட்டைக்கு... இயற்கையான..."

"உதுவும் நஞ்சுதான். தோலாலயும் போகும், நக்கினா இன்னும் கெதியாப் போகும். கண்ட உடன சவர்க்காரம் போட்டுக் கழுவியிருக்க வேணும். கெதியா அந்தப் பைப்பைத் திறவுங்கோ!"

அவரும் உதவியாளரும் நானுமாகக் கழுவினோம். ஊசி போட்டார், சேலைன் ஏற்றினார். கோழியோடு வந்திருந்த அம்மா கதவருகில் நின்று சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார். கழுவக் கழுவத் தேன் நிறத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு தாராளமாகப் பூசியிருந்தேன். கங்காணி ஒரு முறை தலையைத் தூக்கி என் மணிக்கட்டை நக்கினான். இன்னும் அதில் புகையிலை இருக்குமே என்று கையை வெடுக்கென இழுத்துக்கொண்டேன். அவனுக்கு நான் கடைசியாகச் செய்தது அதுதான். பகல் பன்னிரண்டுக்கு முன்பே உயிர் போய்விட்டது.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "தெரியாமச் செய்தனீங்கள்" என்றார். தெரியாமல் செய்யவில்லை, எனக்குச் சொன்னார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் அப்படியே வந்தார்கள். அவன் வழக்கமாக உட்காரும் மேட்டில் குழி வெட்டிப் புதைத்தோம். பாக்கியம் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் என் கையைத்தான் பார்த்தாள்.

"சார், மொதல்ல கைய சோப்பு போட்டுக் கழுவுங்க. உங்களுக்கும் ஆகாது" என்றாள்.

இனித்தான் வெட்கக்கேடான பகுதி.

அக்கா தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் எடுப்பாள். லயத்தில் சிக்னல் கிடைப்பது பீலிக்கரையில் மட்டும்தான். அதனால் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் அத்தனை பேர் முன்னிலையில்தான் பேசவேண்டும். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "கங்காணிகிட்ட குடு" என்பாள். காதருகில் வைப்பேன். அவன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பான். பேசி முடித்ததும் போனை ஒரு நக்கு நக்குவான். அதில் அழைப்பு துண்டாகும்.

அன்றும் ஆறு மணிக்கு எடுத்தாள். சொல்லிவிடுவது என்றுதான் நின்றேன். அவள் முந்திக்கொண்டாள்.

"தம்பி! பையன் பொறந்துட்டான்டா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அந்தக் குரலை அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. அதற்குள் எப்படிச் சாவைச் சொல்வது?

"கங்காணிகிட்ட குடு, அவன்கிட்டயும் சொல்லணும்" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, முப்பத்தைந்து வயதான, அரசாங்கச் சம்பளம் வாங்கும் பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய நான், நாக்கைத் தொங்கப்போட்டு, "ஹா ஹா ஹா" என்று இரைத்தேன். போதாது என்று பட்டது. மூக்கால் "ங்ங்... ங்ங்..." என்று முனகினேன். நம்பிக்கை வந்துவிடவே மெல்லிய குரலில் ஒரு தடவை குரைத்தும்விட்டேன். பீலிக்கரையில் வாளிகள் நிரம்பி வழிந்தன. யாரும் தண்ணீரை நிறுத்தவில்லை.

மறுமுனையில் கொஞ்சம் அமைதி. அப்புறம் அக்கா பேசினாள். வழக்கத்தைவிட நிறையப் பேசினாள். பேரன் பிறந்திருக்கிறான் என்றாள், அவனுக்கு உன்னைக் காட்டவேண்டும் என்றிருந்தேன் என்றாள். கடைசியில், "மாமா பாவம்டா, அவரு ஒண்ணும் தெரியாதவரு" என்றாள். கங்காணிக்கு மாமா என்றால் நான்தான். நான் இரைத்துக்கொண்டே கேட்டேன்.

இப்படி ஒரு நாள் இல்லை, ஐந்து நாள். ஐந்து நாளும் "கங்காணிகிட்ட குடு" என்றாள். நாளுக்கு நாள் என் நடிப்பும் தேறியது. நான்காம் நாள் உடம்பைச் சொறிவது போலச் சத்தம்கூடக் கொடுத்தேன். பாக்கியம் அக்கா அதைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். தூரத்தில் போய் அவள் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன்.

ஆறாம் நாள் அக்கா வந்து இறங்கினாள். லயத்து முனையில் அவளை எதிர்கொண்டு ஓடி வர யாரும் இல்லை.

"அக்கா, கங்காணி..."

"தெரியும்" என்றாள். பையைக் கீழே வைத்தாள். "எங்க பொதைச்சீங்க?"

"யாருக்கா சொன்னது? பாக்கியம் அக்காவா?"

"யாரும் சொல்லல. அவன் போன்ல ஒரு நாளும் சத்தம் போட்டதில்லடா. மூச்சுகூட விடாம கேட்டுக்கிட்டு நிப்பான். மொத நாளே தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏங்க்கா தெனமும் அவன்கிட்ட குடுன்னு கேட்ட?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்."

மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் புகையிலைக் கதை முழுவதையும் சொன்னேன். பாக்கியம் அக்கா தடுத்ததையும் ஒளிக்கவில்லை. மண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா அழுதாள். மச்சான் இறந்தபோது பார்த்த அதே அழுகை. நானும் அழுதேன். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அடித்திருந்தாலாவது, கணக்குத் தீர்ந்தது என்று பதுளைக்கு பஸ் ஏறியிருப்பேன்.

குடும்பத்தில் துக்கம் எல்லாம் கொஞ்ச நாளில் வேடிக்கையாகத்தான் மிஞ்சுகிறது. எனக்குப் போன் எடுக்கிறவர்கள், "யாரு பேசுறது, மனுசன்தானே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் நலம் விசாரிக்கிறார்கள். கவிதாவின் புருஷன், வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை "பல குரல் மன்னன்" என்று அறிமுகப்படுத்துகிறான். அன்று பிறந்த பையனுக்கு இப்போது நான்கு வயது. முறைக்கு நான் தாத்தா. அவனுக்குப் புகையிலையும் தெரியாது, மேட்டுக் குழியும் தெரியாது. தாத்தா போனில் நாயாகப் பேசினார் என்பது மட்டும் தெரியும். விடுமுறைக்குத் தோட்டத்துக்கு வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "தாத்தா, கொரைங்க" என்பான்.

பாக்கியம் அக்கா இரண்டு தடவை குட்டி கொண்டுவந்து காட்டிவிட்டாள். இரண்டு தடவையும் அக்கா மடியில் வைத்து ரொம்ப நேரம் கொஞ்சினாள். அப்புறம், "வேணாம், கொண்டு போயிரு" என்று கொடுத்துவிட்டாள். ஆகவே பையன் கேட்டால் நான் மறுப்பதில்லை. வாசலில் நாலு காலில் நின்று, லயத்துக்கே கேட்கிறமாதிரி குரைக்கிறேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அக்காவும் சிரிக்கிறாள். அந்த வீட்டில் குரைப்பதற்கு இப்போது வேறு யாரும் இல்லை.